அலாஸ்காவில் கொசு உண்டா, சார்?

அலாஸ்காவுக்குப் போகும் எந்தக் கப்பலிலும் அவர் இருப்பார். சியாட்டிலில் ஏறினாலும் சரி, வான்கூவரில் ஏறினாலும் சரி. ஒரு கேப்டன், ஒரு டாக்டர், ஒரு பியானோக்காரர் என்று கப்பலுக்கு வைத்திருப்பதுபோல ஒரு கொசு மருந்துக்காரரும் உண்டு. மற்ற மூவருக்கும் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. இவர் மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வேலை பார்க்கிறார்.

பணி ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் எஞ்சினீயர் அல்லது ஆடிட்டர். டெக்ஸஸ்காரராக இருக்கலாம், மெல்பர்ன்காரராக இருக்கலாம். நம்மவராக இருந்தால் மகனோ மகளோ சியாட்டில் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பார்கள். ஆறு மாதம் தங்க வந்த அப்பா அம்மாவை, “இவ்வளவு தூரம் வந்துட்டு அலாஸ்கா பார்க்காம போகலாமா?” என்று கப்பலேற்றிவிடுவார்கள். தேசமும் பாஷையும் எதுவானாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அங்கே கொசு உண்டா?”

கேள்வியில் தப்பே இல்லை. பதிலும் சின்னது. எந்த மாதம், எந்த இடம், கப்பலிலேயே இருப்பீர்களா அல்லது இறங்கிக் காட்டுக்குள் நடப்பீர்களா என்று தெரிந்தால் நாலு வரியில் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் அவருடைய கவலை. ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே விசாரிக்க ஆரம்பித்தவருக்கு நாலு வரி எந்த மூலைக்கு?

நான் கவனித்த கொசு மருந்துக்காரர் முதலில் மகனுடைய ஆபீஸ் நண்பரைக் கேட்டிருக்கிறார். அவர் போன வருஷம் செப்டம்பரில் கப்பலில் போய்வந்தவர். “ஒரு கொசுகூடக் கண்ணில் படலை, அங்கிள்” என்றார். அடுத்து எதிர்வீட்டு அம்மாள். அவர் ஜூன் கடைசியில் டெனாலி பூங்காவுக்குப் போனவர். “கொசு எங்களைத் தூக்கிக்கிட்டுப் போகாததுதான் பாக்கி” என்றார். நமக்கெல்லாம் இப்படி இரண்டு பதில் வந்தால் குழப்பம் வரும். அவருக்கு ஆறு மாதத்துக்கு வேலை வந்தது.

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். செப்டம்பரில் குளிர் வந்துவிடுகிறது. கப்பல் மேல்தளத்தில் எப்போதும் காற்று. டெனாலியோ, ஆங்கரேஜ் நகரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 380 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உள்நாட்டிலும் வடக்கிலும் மண்ணுக்கடியில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம் உண்டு. உருகிய பனி கீழே இறங்க வழியில்லாமல் குட்டை குட்டையாகத் தேங்கும். போன கோடையில் கொசுக்கள் இட்ட முட்டைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிக்கும். ஜூனும் ஜூலையும் அவற்றின் ராஜ்யம். ஆகஸ்டில் அவை ஓயத் தொடங்கினால், கறுப்பு ஈக்களும் கண்ணுக்குச் சட்டென்று தென்படாத கடி பூச்சிகளும் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

“கண்ணுக்கே தெரியாதாம்!” என்று ஒரு நாள் ராத்திரி மனைவியை எழுப்பிச் சொல்லியிருக்கிறார்.

“தெரியாததை விட்டுட்டுத் தூங்குங்களேன்” என்றாராம் அந்த அம்மாள்.

அலாஸ்காவில் சுமார் 35 வகைக் கொசு இருப்பதாகப் படித்தார். சில வகைகள் முழுக் கொசுவாகவே சருகுக்கும் பனிக்கும் அடியில் படுத்துக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் எழுந்து வரும் என்று படித்தார். உருவில் பெரியவை, பறப்பதில் சோம்பேறிகள். கொசுதான் எங்கள் மாநிலப் பறவை என்று அலாஸ்காக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதையும் படித்தார்; வேடிக்கை என்பதை மட்டும் விட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். (நிஜ மாநிலப் பறவை வில்லோ டார்மிகன், பனிக்காலத்தில் வெள்ளையாகிற ஒரு கௌதாரி இனம். அதைப் பார்க்க அவருக்கு ஆசையில்லை.) அந்தக் கொசுக்களால் மலேரியாவும் டெங்குவும் பரவுவதில்லை என்ற நல்ல செய்தியும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரியை அவர் கண் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் கொள்முதல் படலம். முதலில் டீட். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944இல், அமெரிக்க ராணுவத்துக்காக உருவான மருந்து. பொதுமக்கள் கைக்கு வந்தது 1957இல். புட்டியில் சதவீதம் போட்டிருக்கும். 30 சதவீதம் என்றிருந்ததைப் பார்த்ததும் இவருக்குத் திருப்தி இல்லை. “பாஸ் மார்க்குக்கே அஞ்சு குறையுதே” என்று நூற்றுக்கு நூறு வாங்கியதை எடுத்தார். சதவீதம் என்பது மருந்து எத்தனை நேரம் தாங்கும் என்பதற்குத்தான். ஐம்பதுக்கு மேலே போய்ப் பெரிய லாபமில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க பிள்ளைகளை நூற்றுக்கு நூறு வாங்கச் சொன்னவர், கொசுவிடம் மட்டும் சமரசம் செய்வாரா?

பிப்ரவரியில் வீட்டு ஹாலில் ஒத்திகை நடந்தது. டீட் தோலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக்கை உருக்கும். அவருடைய கைக்கடிகாரக் கண்ணாடி பனி மூடினதுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை மணிக்குக் கேட்டாலும் உத்தேசமாகத்தான் சொல்வார்.

அடுத்தது பிகாரிடின். ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1980களில் உருவாக்கியது. வாசனை குறைவு, பிளாஸ்டிக்கோடு சண்டை கிடையாது. மிளகிலுள்ள காரப்பொருளின் அமைப்பை மாதிரியாக வைத்துச் செய்த மருந்து என்று தெரிந்ததும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “நம்ம ஊர் மிளகு சார்! நம்மகிட்டேருந்து எடுத்து நமக்கே விக்கிறான்.” அந்தத் தேசபக்தி வேகத்தில் சென்னையிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி ஓடோமாஸ் டியூபுகளையும் வரவழைத்தார். அதில் இருப்பதும் டீட்டின் நெருங்கிய உறவான டைஎதில் பென்ஸமைடுதான், 12 சதவீதம். அட்டையைத் திருப்பிப் படித்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சட்டை பேண்ட்டுகளில் தெளிக்கப் பெர்மெத்ரின். மனைவிக்கு யூகலிப்டஸ் எண்ணெய். தலையிலிருந்து கழுத்துவரை இறங்கும் வலைத்தொப்பி. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் கருவி ஒன்று. (அந்த ஒலியைக் கொசுவும் சட்டை செய்வதில்லை என்பது பல சோதனைகளில் தெரிந்த விஷயம்.) எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாக்கெட் கொசுவத்திச் சுருள். கப்பலில் நெருப்பு அபாயமுள்ள சாமான்களை விடமாட்டார்கள். மெழுகுவத்தி, ஊதுவத்தி, இஸ்திரிப் பெட்டிகூட ஏறும்போதே வாங்கி வைக்கப்படும். சுருளும் போயிற்று. ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைப் பயணம் முடிகிறவரை பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் மேல்தளத்துக்கு வலைத்தொப்பியோடு வந்து நின்றார். தேனீ வளர்க்கும் பெட்டி கப்பலில் எங்கே இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டது. கப்பலின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் பக்கம். கொசு முக்கி முனகிப் பறந்தால் இரண்டு கிலோமீட்டர். அது முட்டையிடத் தேங்கிய நீர் வேண்டும். நடுக்கடலில் அதற்கு என்ன வேலை? பாலம் கட்டின எஞ்சினீயருக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாதா? போடவில்லை. தொப்பிக்குள்ளிருந்தபடியே பக்கத்து நாற்காலிக்காரரிடம், “நீங்க எத்தனை சதவீதம் கொண்டு வந்திருக்கீங்க?” என்று ஆரம்பித்துவிட்டார்.

கெட்சிகனில் மழை. அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். தடவிய மருந்தெல்லாம் ஓடையாக ஓடிவிட்டது, ஆனால் கொட்டுகிற மழையில் எந்தக் கொசு வெளியே வரும்? கிளேசியர் பேயில் பெரிய கப்பல்கள் கரை சேர்வதே கிடையாது. பனியாற்றின்மேல் இறங்கிவரும் காற்று பல்லைக் கிட்டவைத்தது. வீட்டுயரப் பனிக்கட்டி பெயர்ந்து கடலில் விழுந்து இடிபோலச் சத்தம் கேட்டு எல்லாரும் ‘ஓ’வென்று கூவியபோது, இவர் புறங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் உட்காரவில்லை.

ஸ்காக்வே காற்றுக்குப் பேர்போன ஊர். அங்கேயும் ஏமாற்றம்தான், ஆனால் அருங்காட்சியகத்தில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. 1897, 98இல் குளோண்டைக் தங்க வேட்டைக்கு ஜனங்கள் ஓடியது இந்த ஊர் வழியாகத்தான். ஒரு வருஷத்துக்கான சாப்பாடு கொண்டுவராதவனை எல்லைக்குள் விடமாட்டோம் என்றது கனடாவின் குதிரைப் போலீஸ். சாப்பாடும் தட்டுமுட்டும் சேர்ந்து ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் வந்தது. அதை மூட்டை மூட்டையாக மலைமேல் சுமந்து, மறுபடி இறங்கி, மறுபடி சுமந்து, கணவாய் தாண்டினார்கள். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் அச்சடித்த சாமான் பட்டியல்களில் கொசுவலையும் உண்டு.

“பார்த்தியா? அவனவன் ஒரு டன் தூக்கியிருக்கான். நான் ஒரு பைதானே?” என்றார் மனைவியிடம்.

“அவங்க தங்கம் எடுக்கப் போனாங்க” என்றார் அந்த அம்மாள்.

ஒரு கடையில் அவர் கண் ஒரு பெரிய சிவப்பு டப்பாமேல் விழுந்தது. கரடி மருந்து. கையில் எடுத்து, “இதை உடம்பில் எத்தனை மணிக்கொரு தரம் அடிக்கணும்?” என்று கேட்டுவிட்டார். கடைப்பெண் பதறிப்போனாள். அது மிளகாய்ச் சாறு. பாய்ந்து வரும் கரடியின் மூஞ்சியில் அடிப்பது. கொசு மருந்தென்று நினைத்துத் தன்மேலேயே அடித்துக்கொண்ட பயணிகளைப் பற்றி அலாஸ்காவில் கதை கதையாகச் சொல்கிறார்கள். விமானத்திலும் விடமாட்டார்கள், கப்பலிலும் ஏற்றமாட்டார்கள் என்று தெரிந்து, மனமில்லாமல் திருப்பி வைத்தார்.

பயணம் பாதி கடந்தபோது மனிதர் வாடிவிட்டார். கொசு கடித்துவிடுமோ என்ற பயம் போய், கடிக்காமலே ஊர் திரும்பிவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டது. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பரிவு உண்டானதை மறைக்கவில்லை. ஜனவரியிலிருந்து ஒரு மனிதர் தயாராக இருக்கிறார். எதிராளி வரவே இல்லை.

ஜூனோவில் வந்தது. மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பக்கத்துக் காட்டுப் பாதை. பாசி படிந்த மரங்கள், தேங்கிய நீர், காற்றே இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய முழங்கையில் ஒரே ஒரு கொசு, பெரிசாக, நிதானமாக வந்து உட்கார்ந்தது. அவர் அடிக்கக் கையை ஓங்கினார்.

“அசையாதீங்க சார்!” என்று ஒரு குரல்.

கொசு மருந்துக்காரர் ஓடிவந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “பெண் கொசு. பெண்தான் கடிக்கும், ஆண் பூந்தேன் குடிச்சிட்டுப் போயிடும். உருவத்தைப் பார்த்தா பனிக்கடியில குளிர்காலத்தைக் கழிச்ச வகை மாதிரி இருக்கு. முட்டை வளர்றதுக்கு ரத்தம் வேணும் பாருங்க, அதனால...” அவர் முடிப்பதற்குள் அது வயிறு நிரம்பி எழுந்து, சாவகாசமாகப் போய்விட்டது. கடிபட்டவர் சொறிந்துகொண்டே அவரைப் பார்த்தார். இவர் பையைத் திறந்து, “இப்போ சொல்லுங்க, டீட்டா, பிகாரிடினா?” என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினதாக மனைவி சொன்னார்.

இவருக்கு நேர் எதிரான ஒரு ஜாதியும் கப்பலில் உண்டு. “கூவம் கரையில வளர்ந்தவனுக்கு அலாஸ்காக் கொசு எம்மாத்திரம்?” என்பவர். கடலோர ஊர்களில் அவர் பாடு நடந்துவிடும். அப்படியே அரைக்கால் சட்டையோடு டெனாலிக்கு ரயிலேறினால் தெரியும் சேதி. அலாஸ்காவின் காரிபூ மான் கூட்டங்களே கொசுவுக்குத் தப்பக் காற்றடிக்கும் மேடுகளுக்கும் பனித்திட்டுகளுக்கும் ஓடுகின்றன. இந்த இருவரில் ஒருவரோடு ரயில் பயணம் போகச் சொன்னால் நான் மருந்துக்காரரோடுதான் போவேன். அறுவை தாங்கலாம், அரிப்பு தாங்காது.

ஊர் திரும்பியதும் அடுத்த கோடைக்கு ஐஸ்லாந்து போகலாமென்று மகன் சொன்னான். இவர் மறுத்துவிட்டார். கொசுவே இல்லாத நாடு என்று அப்போது பேர்பெற்றிருந்தது அது. அங்கே போய் என்ன செய்வது? ஆனால் 2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. ஐஸ்லாந்தில் முதல்முறையாகத் திறந்த வெளியில் கொசு பிடிபட்டிருக்கிறது. மொத்தம் மூன்று. அன்று மாலையே மகனுக்குப் போன் செய்து, “ஐஸ்லாந்துக்கே டிக்கெட் போட்டுடு” என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் அலாஸ்காவுக்குப் போவதாக இருந்தால் விஷயம் இவ்வளவுதான். மே மாதத்திலோ செப்டம்பரிலோ, கப்பலும் துறைமுகக் கடைத்தெருவும் மட்டும் என்றால் ஒன்றும் வேண்டாம். ஜூன், ஜூலையில் காட்டுப் பாதையில் நடப்பீர்களென்றால் முழுக்கைச் சட்டையும், கைப்பைக்குள் அடங்க நூறு மில்லிக்கு மேற்படாத ஒரு சின்ன டியூபும் போதும். டெனாலி, ஃபேர்பாங்க்ஸ் என்று உள்ளே போகிறவர்கள் வலைத்தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். எதுவுமே எடுத்துப் போக மறந்துவிட்டாலும் கவலை இல்லை. உங்கள் கப்பலிலும் அவர் இருப்பார். நேரே போய், “கொஞ்சம் மருந்து குடுங்க சார்” என்று மட்டும் கேளுங்கள். எது நல்லது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.