கொக்கிக்குப் பல்லாண்டு

மனிதனின் கால் மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கிறது. அதில் ஏற்றிய துணிக்குழாய் நழுவி இறங்கும். இதைச் சொல்ல நியூட்டன் பிறந்து வர வேண்டியதில்லை. ஆனால் அதை நழுவாமல் நிறுத்தி வைக்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏறத்தாழ 600 ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. அவசரக்காரர்களாக இருந்தால் ஒரு தலைமுறையில் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நாடா, தோல்வார், பித்தளைச் சுருள், பல் வைத்த கவ்வி, ரப்பர் குமிழ் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் வலியையும் பொறுமையாக அனுபவித்துப் பார்த்துத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார்கள். கொடை வள்ளல்களைப் பாடியாயிற்று, யானைகளைப் பாடியாயிற்று, இட்லியைக்கூடப் பாடியாயிற்று. காலுறைக் கொக்கியைப் பாட ஆளில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

முதலில் நாடாவுக்கு வணக்கம். முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதை தொடங்குவதற்கு முன்னால் சின்னதாக ஓர் ஒடுக்கம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுற்றிக் கட்டியவர் மேதையாகத்தான் இருக்க வேண்டும். தளர்த்திக் கட்டினால் காலுறை கீழே இறங்கிவிடும். இறுக்கிக் கட்டினால் கீழே போன ரத்தம் மேலே ஏறாது. இரண்டில் எது வேண்டுமோ அதை அவரவரே முடிவு செய்யலாம். குடிமக்களுக்கு இவ்வளவு தாராளமாகச் சுதந்திரம் தந்த வடிவமைப்பு இடைக்கால ஐரோப்பாவில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. ஷேக்ஸ்பியர் 1601 வாக்கில் எழுதிய ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மல்வோலியோ என்றொரு காரியஸ்தர் வருவார். யாரோ எழுதிய பொய்க் கடிதத்தை நம்பி, எஜமானியின் மனதைக் கவர மஞ்சள் காலுறை மாட்டி, அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று வாய்விட்டும் சொல்வார். அரங்கம் சிரித்தது. 400 ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறது. நாடகம் முழுவதிலும் அந்த மனிதர் சொன்ன உருப்படியான மருத்துவக் குறிப்பு அது ஒன்றுதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ரசிகர்கள் என்றால் அப்படித்தான் ரசனையில் மூழ்கிக் கிடக்க வேண்டும்.

நாடாவுக்குக் கிடைத்த அரச மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1348 வாக்கில் ‘ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்’ என்ற வீரர் அணியை நிறுவினார். விருந்தொன்றில் ஆடிக்கொண்டிருந்த சீமாட்டியின் கார்ட்டர், அதாவது காலுறை நாடா, அவிழ்ந்து விழுந்ததாகவும், சுற்றி நின்றவர்கள் நகைக்க, மன்னர் அதை எடுத்துத் தம் காலிலேயே கட்டிக்கொண்டதாகவும் ஒரு கதை. வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. நான் நம்ப ஆசைப்படுகிறேன். கட்டியது கட்டிய இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் கதையின் சாரம். வேறெந்தப் பொருளாக இருந்தாலும் விற்றவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். கார்ட்டர் விழுந்தது, அதன் பெயரில் நாட்டின் உச்ச வீரர் அணி எழுந்தது. மன்னரும் வேல்ஸ் இளவரசரும் போக 24 தோழர்களுக்குத்தான் அதில் இடம். தோல்வியைக் கௌரவிக்கத் தெரிந்த நாடு முன்னேறாமல் என்ன செய்யும்?

1589-இல் கால்வெர்டன் ஊரைச் சேர்ந்த பாதிரியார் வில்லியம் லீ, காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். வரிசை வரிசையாக ஊசிகள் ஒரே நேரத்தில் கண்ணிகளை இழுத்துப் பின்னும் அபாரமான இயந்திரம் அது. ஆக, 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காலுறையை இயந்திரத்தில் பின்னக் கற்றாயிற்று. பின்னியதை மேலே நிறுத்த என்ன ஏற்பாடு? அதே நாடா, அதே முடிச்சு. எதற்கு மூளையைச் செலவிட வேண்டும், எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு யாருக்கு வரும்!

நாடாவை நிற்க வைக்க முடியவில்லையே தவிர, பேச வைத்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் பட்டுக் கார்ட்டர்களில் காதல் வாசகங்களைப் பூவேலையாகத் தைத்தார்கள். பிரிட்டனில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் சார்லஸ் எட்வர்ட் இளவரசரை ஆதரித்தவர்கள் தங்கள் அரசியல் முழக்கத்தையே கார்ட்டரில் நெய்து அணிந்தார்கள். பாவாடைக்குள் இருப்பதை எந்த ஒற்றனும் படிக்க முடியாது. ஆதரவாளனும் படிக்க முடியாது. இத்தனை பத்திரமான பிரசாரம் வேறு உண்டா? கொள்கையும் காலுறையும் ஒரே நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தன. 1746-இல் கலோடன் போர்க்களத்தில் கொள்கை விழுந்தது. காலுறை அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஸ்பிரிங் கார்ட்டர் வந்தது. மெல்லிய உலோகக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, தோலிலோ பட்டிலோ தைத்த சன்னக் குழல்களுக்குள் செருகி, முனையில் கொக்கி வைத்தார்கள். கால் மடங்கினால் விரியும், நீட்டினால் சுருங்கும். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. கால் என்பது வியர்க்கும், பித்தளை என்பது களிம்பேறும் என்ற இரண்டு அற்பத் தகவல்களை மட்டும் தள்ளி வைத்துவிட்டால் போதும்.

பிறகு ரப்பர். லண்டன்காரர் தாமஸ் ஹான்காக் 1820-லேயே கையுறை, காலுறை போன்றவற்றில் ரப்பர் பட்டையைச் சேர்ப்பதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பதப்படுத்தாத ரப்பர் குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். குளிர்காலத்தில் விலங்காகவும் கோடையில் பசையாகவும் ஒரே பொருள் பணியாற்றியதை இரட்டைச் சிறப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் மாறும் என்று கண்டார். 1844-இல் காப்புரிமையும் பெற்றார். இறுக்கத்தை இனி தளராமல், நாள் முழுக்க, ஒரே சீராக வழங்க முடிந்தது. முன்பெல்லாம் முடிச்சு தானாகத் தளர்ந்து காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும். எலாஸ்டிக் அப்படிக் கடமை தவறுவதில்லை. சாக்ஸ் தளர்ந்துபோன பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரப்பர் பேண்டு மாட்டி அனுப்பி, மாலையில் காலில் சிவப்பு வளையத்தைப் பார்த்த வீட்டாருக்கு இதன் அருமை விளக்காமலே புரியும்.

காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருள்வதற்கு இந்த வளையங்களே காரணம் என்று மருத்துவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வடிவமைப்பாளர்கள் உடனே செவிசாய்த்தார்கள். முழங்காலை விட்டுவிட்டார்கள். 1870-களில் பட்டையை இடுப்புக்கு ஏற்றி, கோர்செட்டில் தொங்கவிட்டார்கள். திமிங்கில எலும்பும் எஃகுப் பட்டையும் வைத்து ஏற்கெனவே மூச்சுத் திணறக் கட்டிய இடுப்பு அது. அங்கே இன்னொரு பாரத்தை ஏற்றினால் தனியாகத் தெரியவா போகிறது? இதைவிடக் கனிவான தீர்வு யாருக்குத் தோன்றும்? இடுப்பும் பாவம் என்று சொன்ன உடைச் சீர்திருத்தக்காரர்கள் பாரத்தைத் தோளுக்கு ஏற்றினார்கள். பாஸ்டனில் ஜார்ஜ் ஃப்ராஸ்ட் நிறுவனம் கோர்செட்டுக்கு மாற்றாக ‘எமான்சிபேஷன்’ என்ற விடுதலைப் பெயரிலேயே உள்ளாடை விற்றது. அதே ஃப்ராஸ்ட் நிறுவனத்திலிருந்து பிற்பாடு கிளம்பியதுதான் ‘வெல்வெட் கிரிப்’ என்ற புகழ்பெற்ற காலுறைக் கவ்வி. விடுதலையும் ஒரே கடை, கவ்வியும் ஒரே கடை. வாடிக்கையாளர் வீணாக அலைய வேண்டாம்.

கவ்விக்கு வருவோம். மேலிருந்து பட்டை தொங்குகிறது. கீழே காலுறை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? தொடக்க காலத்தில் சிலர் காலுறையில் பித்தானைத் தைத்து, பட்டையில் துளையிட்டார்கள். ஒவ்வொரு காலுறைக்கும் பித்தான் தைக்கும் வேலை பெண்களைச் சுறுசுறுப்பாக வைத்திருந்தது. அடுத்து வந்தது பல் வைத்த உலோகக் கவ்வி. இதை உருவாக்கியவரின் துணிவை எப்படிப் பாராட்டுவது! காலுறை பின்னலாடை. நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் அங்கே ஒரு பொத்தல், அவ்வளவுதான். பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பிடித்துத் தொங்கும் அடுத்த கண்ணி அவிழும், அதற்கடுத்தது அவிழும், தொடையில் தொடங்கிய கிழிசல் ஏணிப்படி போலக் கணுக்கால் வரை இறங்கும். உலகத்துத் துணிகளிலேயே எதில் பல் படக் கூடாதோ, தேடிப் பிடித்து அதிலேயே பல்லைப் பதித்தார்கள். காலுறை விற்பனையாளர்கள் இந்தக் கவ்வியைக் குறை சொன்னதாக நான் படித்ததில்லை.

பெரிய மூளைகளும் பின்வாங்கவில்லை. மார்க் ட்வைன் என்று உலகம் அறிந்த சாமுவேல் கிளெமென்ஸ், தோளில் மாட்டும் சஸ்பெண்டர் பட்டைகள் பிடிக்காமல், ஆடைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டை ஒன்றை வடிவமைத்து 1871 டிசம்பர் 19-இல் காப்புரிமை பெற்றார். எண் 1,21,992. கழற்றி மாட்டலாம், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்று. அவற்றில் பணம் பார்த்துக் கொடுத்தது தானாக ஒட்டும் ஒட்டுப் புத்தகம். பட்டையைச் சந்தை சீண்டவில்லை. அது கைகொடுத்திருந்தால் அவர் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ எழுதும் சிரமத்தை மேற்கொண்டிருக்கமாட்டார். அந்த வகையில் அந்தப் பட்டைக்கு அமெரிக்க இலக்கியம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

கடைசியில் வென்றது வளையமும் குமிழும். கம்பியை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வளைத்த வளையம். காலுறையின் உள்பக்கம் ஒரு குமிழ். குமிழின்மேல் துணியைப் போர்த்தி, வளையத்தின் அகன்ற வாய் வழியே தள்ளி, குறுகிய பக்கம் நகர்த்தினால் சிக்கிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். உள்ளபடியே சொன்னால், இது அழகான யோசனை. இந்த ஒரு வரியில் மட்டும் எனக்கு வஞ்சமில்லை. குமிழை ரப்பரில் செய்தால் துணி கிழியாது என்றது வெல்வெட் கிரிப் விளம்பரம். பல் தேவையில்லை என்று பல்லைப் பிடுங்கிய பிறகு தெரிந்துகொள்வதும் அறிவுதானே.

நிற்கும்போது வளையம் நிஜமாகவே அற்புதம். உட்காரும்போதுதான் அதன் முழு மகிமை விளங்கும். முன்பக்கம் பட்டை வைத்தவர்கள் சமநிலைக்காகப் பின்பக்கமும் வைத்தார்கள். பின்தொடையில், நாற்காலி படும் இடத்தில், கம்பியும் குமிழும். மணிக்கணக்காக விருந்திலும் தேவாலயத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்களுக்குத் தூக்கம் வராமல் அது பார்த்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையால் தடவி மாட்டும் பயிற்சியையும் கூடுதலாக அளித்தது.

ஆண்களை மறந்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம். கெண்டைச்சதைக்கு மேலே ஒரு பட்டை, அதிலிருந்து தொங்கும் ஒரு கவ்வி, அதன் வாயில் சாக்ஸ் விளிம்பு. எந்த இடத்தில் கட்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்னார்களோ, ஏறக்குறைய அதே இடம். பாவாடைக்குள் பூகம்பம் போல மாற்றங்கள் நடந்துகொண்டிருந்தபோது கால்சட்டைக்குள் நிலவிய பாரம்பரியப் பற்று மெச்சத்தக்கது. சிகாகோவின் ஏ. ஸ்டைன் நிறுவனம் விற்ற ‘பாரிஸ் கார்ட்டர்’, எந்த உலோகமும் உங்கள் உடம்பில் படாது என்பதையே முழக்கமாக்கியது. அதுவரை விற்றவை என்ன செய்துகொண்டிருந்தன என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள்.

அந்த மிருதுவான ரப்பருக்கும் ஓர் ஊர் இருந்தது. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் ரப்பர் சேகரிக்க நடந்த கொடுமைகளை பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட்டின் 1904 அறிக்கை வெளிச்சமிட்டது. அமேசான் பக்கம் புட்டுமாயோவில் நடந்தவற்றையும் பிறகு அவரே எழுதினார். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளின் வாரிசுகள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாகப் பெருகின. கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து திரட்டிப்போன நம் ஆட்கள் விடியுமுன் எழுந்து அங்கே மரம் சீவினார்கள். அந்தப் பாலில் பெரும்பகுதி டயருக்குப் போனது, கார்ட்டருக்குப் போனது துளிதான் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். சீமாட்டியின் தொடையில் தழும்பு விழக் கூடாது என்பதில் இத்தனை அக்கறை காட்டிய நாகரிகம், மரம் சீவியவர்களின் காலையும் கவனிக்காமல் விடவில்லை. வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்தவர்களுக்கு வாய்த்த கொக்கி, கொக்கிப்புழு.

1942-இன் தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. நேச நாடுகளுக்கு ரப்பர் பஞ்சம். 1940-இல்தான் கடைக்கு வந்திருந்த நைலான் காலுறையும் பாராசூட்டுக்காகக் காணாமல் போனது. குமிழ் தொலைந்த பிரிட்டன் பெண்கள் அந்த இடத்தில் காசை வைத்துச் சமாளித்தார்கள். காலுறையே கிடைக்காதவர்கள் காலில் குழம்புக்கு நிறமேற்றும் பொடியைக் கரைத்துப் பூசி, பின்னங்காலில் புருவப் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்டார்கள். எட்வர்ட் மன்னர் காலத்திலிருந்து கணக்கெடுத்தால், நழுவாத முதல் காலுறை அதுதான். கொக்கியே இல்லாமல் அது நின்றதைக் கொக்கித் தொழில் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

அமெரிக்காவின் கிளென் ரேவன் ஆலையைச் சேர்ந்த ஆலன் காண்ட் 1959-இல் காலுறையையும் உள்ளாடையையும் ஒன்றாகப் பின்னிக் கடைக்கு அனுப்பினார். ஆண்களின் சாக்ஸ் விளிம்பிலும் எலாஸ்டிக் நூல் ஏறியது. துணியே தன்னைத் தாங்கிக்கொள்ளட்டும் என்ற யோசனை கொக்கிகள் எல்லாம் வந்துபோன பிறகு வந்ததில் ஒரு முறை இருக்கிறது. முதலிலேயே வந்திருந்தால் இத்தனை காப்புரிமைகள், இத்தனை ஆலைகள், இத்தனை விளம்பரக்காரர்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள்?

கார்ட்டர் முற்றாக மறைந்துவிடவில்லை. அமெரிக்கக் கல்யாணங்களில் மணப்பெண் இன்றும் லேஸ் வைத்த ஒன்றை அணிகிறாள். அது எந்தக் காலுறையையும் தாங்குவதில்லை. விருந்தின் நடுவில் மாப்பிள்ளை அதைக் கழற்றி, கல்யாணமாகாத ஆண்களின் கூட்டத்தை நோக்கி வீசுகிறார். 600 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, அது கட்டாயம் விழுந்தே ஆக வேண்டிய ஒரு வேலையை அதற்குத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு கல்யாணத்திலும் அது ஏமாற்றியதில்லை.