பெட்டி இருக்கா?

எங்கள் வீட்டில் பொருள் வாங்குவது நான். வாங்கிய பொருளுக்கு ஒரு பிரயோசனம் கண்டுபிடிப்பது என் மனைவி. உடம்பு இளைக்க வாங்கிய சைக்கிளில் சேலை காய்கிறது. பாண் சுடும் மெஷினுக்குள் எலிக்குப் பயந்து பருப்பு குடியிருக்கிறது. நான் வாங்கிய எதுவும் இதுவரை வீணாய்ப் போனதில்லை. எதற்காக வாங்கினேனோ அதற்கு உதவியதில்லை, அவ்வளவுதான். இந்த ஹெட்செட் கதையையும் அந்த வரிசையில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

லக்கல புதிய நகரத்தில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், அடையாள அட்டைக்குப் படம். பிறந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மாத்தளையிலிருந்து வருகிறவர்கள் இரத்தோட்டையைத் தாண்டி, ரிவர்ஸ்டனில் மூடுபனிக்குள் நுழைந்து, எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே இலுக்கும்புரப் பக்கம் இறங்கி இங்கே வந்துசேர வேண்டும். பழைய பல்லேகம டவுன் இப்போது தண்ணீருக்கு அடியில். களு கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்க, சனமும் கடைகண்ணியும் இடம்மாறி வந்ததுதான் இந்தப் புதிய நகரம். ஆக, ஊரே இரண்டாம் பதிப்பு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு முதல் பதிப்புச் சாமானுக்கு ஆசைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மிக்ஸ்ட் ரியாலிட்டி என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். கண்ணை மூடுகிற ஒரு பெட்டி. பெட்டிக்கு முன்னால் கமரா. கமராவில் தெரிகிற நம் வீட்டையே உள்ளே திரையில் காட்டும். அந்த வீட்டில் இல்லாததையும் சேர்த்துக் காட்டும். சுவரில் நூறு அங்குல டீவி தொங்கும், மேசைமேல் டைனோசர் நடக்கும். "நிஜத்தோட பொய்யைக் கலக்கிறது" என்று சுருக்கினேன்.

"மிளகில பப்பாளி விதை கலக்கிற மாதிரி" என்றாள்.

மாத்தளைக்காரியிடம் இதற்கு மேல் விளக்கம் சொல்ல முடியாது.

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் மூலமாக வந்தது அது. யாரோ பாவித்தது, முதல் தலைமுறை மொடல், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் ஆசைப்பட்டதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் இதை நான் செலவுக் கணக்கில் காட்டவில்லை. "அப்பிள் கம்பெனி 2024 பெப்ரவரியில விக்க ஆரம்பிச்ச விஷன் புரோ 3,499 டொலர். டொலர் முந்நூறு ரூபான்னு வச்சாலும் பத்தரை லட்சம், வரி கூலி இல்லாம. அத வாங்காம இத வாங்கினதால நமக்கு ஏழு லட்சத்து எழுபதாயிரம் மிச்சம்" என்றேன்.

"அந்த மிச்சத்தை எடுத்துத் தாங்க. குசினிக் கூரைத் தகடு மாத்தணும்."

பிறகு, போகிற போக்கில், இன்னொன்றும் சொன்னாள். "அதே காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம். ரெண்டாந் தலைமுறையை அதுவே போட்டுக் குடுத்திருக்கும்."

முதல் கிழமை சந்தோஷமாகத்தான் போனது. இரண்டாம் கிழமையிலிருந்து மேம்படுத்தல் ஆரம்பமானது. அரைக் கிலோவுக்கு மேல் மூக்கின்மேல் உட்கார்ந்ததால் நல்ல பட்டி ஒன்று தேவைப்பட்டது. எனக்கு வெள்ளெழுத்து என்பதால் உள்ளே பொருத்த வில்லைகள் தேவைப்பட்டன. சார்ஜ் ஒன்றரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை என்பதால் பவர் பேங்க். அதைச் சட்டைப் பையில் போட்டு, காதோரமாக வயரை ஏற்றி மாட்டிக்கொண்டேன். கடைசியாக ஒரு நல்ல ரவுட்டர். இவ்வளவையும் கடைக் கொப்பியில் 'போட்டோகொப்பி மெஷின் பழுது' என்று எழுதி வைத்தேன். உயர்தரத்தில் கணக்கியல் படிக்கும் மகள் ஒரு நாள் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அப்பா, இவ்வளவு பழுது பார்த்ததுக்குப் புது மெஷினே ரெண்டு வாங்கியிருக்கலாமே" என்றாள். அவளைக் கணக்கியலுக்கு விட்டது தப்பு. காலையில் கடை திறக்கும்போது கண்ணைச் சுற்றி வட்டமாகத் தழும்பு இருக்கும். தேன் எடுக்கப் போய்க் குளவி கொட்டியதா என்று ரீலோட் போட வந்தவர்கள் விசாரித்தார்கள். ஆமாம் என்றேன். அது மரியாதையான காரணம்.

அப்போதுதான் அந்தச் செய்தி திரைக்குள்ளேயே மிதந்து வந்தது: இந்த மொடலுக்கு இனிமேல் புதிய வசதிகள் வராது.

துக்கம் கேட்க ஆள் இல்லாதவன், தன்னைப் போல் துக்கப்பட்டவர்களைத் தேடுவான். நானும் தேடினேன், எனக்குத் துணைக்குப் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். மேஜிக் லீப் என்ற கம்பெனி 2018இல் 2,295 டொலருக்கு விற்ற முதல் மொடலுக்கு 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு சேர்வர் இணைப்பை நிறுத்தியது. சாமானும் அதோடு தன் முக்கிய வேலைகளை நிறுத்திக்கொண்டது. விழவில்லை, உடையவில்லை, திகதி முடிந்தது. தயிர்ச் சட்டிக்குத்தான் திகதி உண்டு என்று நினைத்திருந்தேன். மைக்ரோசொப்டின் ஹோலோலென்ஸ் 2016இல் 3,000 டொலர். 2019இல் வந்த இரண்டாவது 3,500. 2024 ஒக்டோபரில் அதன் உற்பத்தி முடிந்துவிட்டது என்றார்கள். பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2027 கடைசிவரை வருமாம். மூன்றாவது பிள்ளை இல்லை. அந்தக் கம்பெனிக்கே பிள்ளை வளர்க்கக் கட்டவில்லை என்றால் கொமினிகேஷன் வைத்திருப்பவனுக்கு எப்படிக் கட்டும்?

அப்பிள் இன்னும் விடவில்லை. 2025 ஒக்டோபரில் எம்5 சிப்போடு புது விஷன் புரோ வந்தது. விலை அதே 3,499. முதல் மொடல் 600 முதல் 650 கிராம். தலை வலிக்கிறது என்று உலகமே முறைப்பாடு சொன்ன பிறகு வந்த புதியது 750 முதல் 800 கிராம். தலைக்குப் பொருந்தும்படி பட்டியை மாற்றிப் பாரத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்களாம். பழையதை வைத்திருப்பவர்களும் அந்தப் பட்டியை மட்டும் தனியே 99 டொலருக்கு வாங்கிக்கொள்ளலாம். சிப்பை மாற்ற வழியில்லை. அதாவது மூளை பழையது, தலைப்பாகை புதியது. இந்த ஏற்பாடு எனக்கு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. யோசித்தேன். அப்பா.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் எங்கள் லயத்துக்கு டீவி வந்துவிட்டது. அப்பா கணக்கப்பிள்ளை, தோட்டத்திலேயே முதலாவது ஆள். கறுப்பு வெள்ளை. கரண்ட் இல்லாததால் கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். சாக்கை விரித்து, அதன்மேல் பெட்டரியை வைத்து, மூங்கிலில் கோர்த்து நானும் அண்ணனும் தூக்கிக்கொண்டு போவோம். அசிட் சிந்தி என் பள்ளிக்கூடக் காற்சட்டையில் விழுந்த ஓட்டைகளை அம்மா கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தாள். தமிழ்ப்படம் போடுகிற நாளில் லயமே எங்கள் வாசலில் இருக்கும். கதாநாயகனும் கதாநாயகியும் சேரப்போகிற நேரம் பார்த்துப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு புள்ளியாகி அணைந்துவிடும். பெட்டரி முடிந்தது. அவர்கள் சேர்ந்தார்களா இல்லையா என்று அப்பாவைத்தான் கேட்பார்கள். அவரும் ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவார்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வீட்டுக்குக் கலர் டீவி வந்துவிட்டது. அப்பா அசரவில்லை. போட்ட காசு இருக்கிறதே, விடுவாரா? அன்ரனாவுக்கு இன்னொரு மூங்கில் கட்டி உயர்த்தினார். பூஸ்டர் வாங்கினார். கடைசியாக மாத்தளையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து திரைமேல் ஒட்டினார். மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. "இப்ப இதுவும் கலர்தான்" என்றார். வானமும் புல்லும் வரும் காட்சிக்கு அது பரவாயில்லை. முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் எல்லாருக்கும் நெற்றி நீலம், மூக்கு செம்மஞ்சள், தாடை பச்சை. செய்தி வாசிக்கிறவரைப் பார்த்து என் தங்கச்சி அழுதாள். எட்டு வருஷம் அந்தத் தாளை அப்பா கழற்றவில்லை.

முதல் தலைமுறைச் சாமானுக்கு மேலும் காசு போடலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொள்வேன். சும்மா வருகிற அப்டேட்டை வாங்கிப் போட்டுக்கொள்வதில் பிழையில்லை. 2025 செப்டெம்பரில் வந்த விஷன்ஓஎஸ் 26, முதல் மொடல்காரர்களுக்கும் இலவசமாகவே கிடைத்தது. காசு கேட்டு வருகிற பட்டியும் வில்லையும் அந்தச் சாமானோடு சேர்ந்து சாகிறவை. நான் போட்டதில் உருப்பட்டது ரவுட்டர் ஒன்றுதான். மகளின் ஒன்லைன் வகுப்பு அதில்தான் ஓடுகிறது. அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகுதான் நான் இரண்டாவது பவர் பேங்க் வாங்கினேன்.

அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு லக்கலயில் சினிமா பார்த்தவன் நான் ஒருவன்தான். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தைத்தான் வருஷம் பூராவும் வீட்டில் உதாரணம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதே குரங்கு இனத்தைத்தான் அடுத்த மாதம் எண்ணச் சொன்னார்கள். மார்ச் 15, சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்துவரை, அவரவர் தோட்டத்தில் இருக்கும் குரங்கு, மயிலையெல்லாம் நாட்டு மக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். எங்கள் பலா மரத்துக்கு அது தினசரி வருகைப் பதிவேடு. கமரா உள்ள ஹெட்செட்டால் எண்ணினால் கணக்குப் பிழைக்காது என்று ஏழு ஐம்பத்தெட்டுக்கே மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சரியாக எட்டு மணிக்குத் திரை கறுத்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அப்டேட் நடக்கிறது, கழற்ற வேண்டாம். புதிய வசதி வராதாம், பழைய பிழையைத் திருத்துகிற அப்டேட் மட்டும் வருமாம். அதுவும் எட்டு மணிக்கு. கழற்றாமல் நின்றேன். தலைக்கு மேல் தகடு தடதடத்தது. பக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது. பவர் பேங்க் இருந்த பக்கம் சட்டைப் பை இழுபட்டது. எட்டு ஆறுக்குத் திரை திறந்தபோது முற்றத்தில் நானும் பாதி பலாப்பழமும்தான் இருந்தோம். மனைவி வெறுங்கண்ணால் பதினேழு எண்ணித் தாளில் எழுதிவிட்டாள். "உங்களையும் சேர்த்து எண்ணிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சிங்களத் தாத்தா, எங்களுக்குச் சீயா. எண்பது வயசிருக்கும். பழைய ஊரில் வயலும் வீடும் இருந்தவர். ஒரு மாலையில் நீர்த்தேக்கக் கட்டுப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அவர் தலையில் மாட்டிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு வாயடைத்துப்போகிற ஆள் ஒருவராவது வேண்டுமே. பார்த்தார். "வத்துர" என்றார், தண்ணீர். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, விரலை நீட்டி ஆரம்பித்தார். அந்தா அந்தப் பட்ட மரத்துக்கு நேரே பணிஸ் கடை, ரெண்டு ரூபாவுக்குப் பணிஸும் பிளேன்டியும். அதுக்குப் பின்னால் என் வயல். வரம்பில் ஒரு கித்துள் மரம். கித்துள் மரத்தடியில்தான் தம்பி பாம்பு கடித்துக் கிடந்தான், பிழைத்துக்கொண்டான், இப்போது அனுராதபுரத்தில் இருக்கிறான். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். வெறும் தண்ணீர்தான், ஆனால் பணிஸ் வாசம்கூட வந்தது. சார்ஜ் இல்லை, வயர் இல்லை. ஒரே ஒரு விஷயம், போன வாரம் இதே கடையை இருநூறு யார் இடப்பக்கமாகக் காட்டினார். கேட்டேன். "ஒவ் முதலாளி" என்றார் சீயா, கொஞ்சமும் தயங்காமல், "தண்ணீ ஏறியிருக்குல்ல."

வீட்டுக்கு வந்ததும் விற்பது என்று முடிவெடுத்தேன். முடிவை அறிவித்தபோது யாரும் அதிர்ச்சியடையவில்லை என்பது வருத்தம்தான். படம் எடுத்து, 'மிகக் குறைவாகப் பாவித்தது' என்று எழுதி, தொண்ணூறாயிரம் விலை போட்டேன். பட்டி, வில்லை, பவர் பேங்க் ஒன்று இலவசம். மற்றதைக் குரங்கு வைத்திருக்கிறது. ஒன்பது நாள் ஒருவரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் தம்புள்ளையிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் வந்தான். சார்ஜ் எவ்வளவு நிற்கும் என்று கேட்கவில்லை, எத்தனையாம் தலைமுறை என்று கேட்கவில்லை. ஒரே கேள்வி: "பெட்டி இருக்கா அண்ணே?"

பெட்டி! வெள்ளை வெளேரென்று, மூடியைத் தூக்கினால் காற்று மெதுவாக உள்ளே போகும், அவ்வளவு நேர்த்தி. விற்கும்போது பெட்டி இருந்தால்தான் விலை என்று அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். அலுமாரிக்கு மேல் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. மனைவி வாயைத் திறக்காமல் குசினிப் பின்பக்கம் கையைக் காட்டினாள். வைக்கோல் போட்டு, அடுப்புச் சாம்பல் தூவி, மூலையில் நிழலாக வைத்திருந்தாள். உள்ளே சிவப்புக் கோழி. கையை நீட்டினேன், கொத்தியது.

"பதினோரு முட்டை. வச்சு எட்டு நாளாச்சு" என்றாள். "இப்ப எழுப்பினா எல்லாம் கூழாப் போயிடும். இன்னும் பதிமூணு நாள் இருக்கட்டும்."

தம்புள்ளைத் தம்பிக்கு எழுதினேன்: பெட்டி இருக்கிறது, பதின்மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஏன் அண்ணே என்று கேட்டான்.

அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது, எடுக்கக் கூடாது என்றேன்.