கேலரிச் சட்டாம்பிள்ளை

பெரியகுளமோ கோயம்புத்தூரோ, அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற ஊர் எதுவானாலும் கேலரியின் முன்வரிசையில் ஒருவர் இருப்பார். கையில் விசில் கிடையாது. அந்தக் குறையைத் தொண்டை தீர்த்துவைக்கும். டிராவலிங், டபுள் டிரிபிள் எல்லாம் அவருக்குச் சில்லறை வியாபாரம். அவருடைய மொத்த வியாபாரம் பிரீ த்ரோ நேரத்தில்தான். இரண்டு பிரீ த்ரோவில் முதலாவது விழுந்திருக்கும். மாற்று ஆட்டக்காரர் ஸ்கோர் டேபிள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைகளைக் குறுக்காக வைத்து ஆள்மாற்றம் கேட்பார். டேபிளில் யாரும் பஸரைத் தொடமாட்டார்கள். “டேபிள்ல தூங்குறாங்கப்பா! சப் கேக்குறான், பஸரை அடி!” என்று அரங்கம் அதிரும்.

தூங்குவது டேபிள் அல்ல. இங்கே ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி. முதல் பிரீ த்ரோவுக்குப் பந்து அடிப்பவர் கைக்குப் போனதுமே ஆள்மாற்றக் கதவு சாத்தியாகிவிடும். அதன்பின் வந்து கேட்டால், கடைசிப் பிரீ த்ரோ விழுந்த பிறகு கதவு இரு அணிக்கும் திறக்கும். விழாமல் பந்து ஆட்டத்தில் தொடர்ந்தால் அடுத்த வாய்ப்பு வரை நாற்காலியே கதி. நடுவில் காயம்பட்டவர், ஐந்தாவது ஃபவுல் செய்தவர் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. இதில் நியாயமும் இருக்கிறது. அடிப்பவருக்குக் கிடைப்பது ஐந்தே விநாடி. அந்த நேரத்தில் ஆளுக்காள் உள்ளே வந்துபோனால், கோச்சுகள் ஆட்டக்காரரை மாற்றுவதைவிட அடிப்பவரின் கவனத்தைக் கலைக்கத்தான் அதைப் பயன்படுத்துவார்கள்.

‘என்.பி.ஏ.யில் நடுவிலேயே மாற்றுகிறார்களே’ என்று கேட்கலாம். மாற்றுகிறார்கள்தான், அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களிலும் கடைசிப் பிரீ த்ரோவுக்கு முன் ஆள் மாற்றலாம். விடிகாலைக் காபியோடு அதை டிவியில் பார்ப்பதில் தப்பில்லை. சாயங்காலம் அந்த விதிப்புத்தகத்தை ஃபிபா நடுவர் தலையில் கட்டுவதில்தான் தகராறு. விதியே தெரியாதவர் பக்கத்து சீட்டில் விசாரிப்பார், முழுதாகத் தெரிந்தவர் பேசாமல் இருப்பார். சத்தமெல்லாம் அரைகுறையின் சொத்து.

‘நடுவர் மட்டும் தப்பே செய்யமாட்டாரா, தட்டிக்கேட்க ஆள் வேண்டாமா’ என்பது அடுத்த கேள்வி. செய்வார், விதியை எழுதியவர்களுக்கும் அது தெரியும். தகுதியில்லாத பிரீ த்ரோவைக் கொடுத்தது, கொடுக்கவேண்டியதை விட்டது, தவறான ஆளை அடிக்கவிட்டது ஆகியவற்றைத் திருத்த விதியிலேயே வழி உண்டு. ஆனால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு: தவறுக்குப் பின் கடிகாரம் ஓடி, ஆட்டம் முதல்முறை நின்று, பந்து மறுபடி உயிர்பெறுவதற்குள் கவனித்தாக வேண்டும். ஆகவே கேலரிக்கு உருப்படியான கண்காணிப்பு வேலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஃபவுல் வாங்கியது யார், கோட்டில் நிற்பது யார் என்று பார்த்தாலே போதும். நம்மவரோ கண்ணையும் தொண்டையையும் ஸ்கோர் டேபிள் நாற்காலிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். ஒன்பதாம் நம்பர் வாங்கிய ஃபவுலுக்கு ஏழாம் நம்பர் போய் இரண்டையும் அடித்துவிட்டு வந்தாலும், முதலில் கைதட்டுகிறவர் அவராகத்தான் இருப்பார்.