மாங்காப் பாலும் இயற்கைதான், கண்ணு

வா கண்ணு, உக்காரு. கம்பெனி பஸ்ல இருந்து இறங்குன களைப்பு தெரியுது. அதுக்கு மேல மூஞ்சில ஏதோ ரோசனையும் ஓடுது. உங்கம்மா சொல்லிட்டா. அடுத்த மாசம் நிச்சயதார்த்தம், அதுக்குள்ள அத்திப்பள்ளி தாண்டிப் போய் பார்லர்ல ஆசிட்டு பூசி மூஞ்சித் தோலை உரிச்சுக்கிட்டு வரப் போறியாமே! பேஷ். சந்தூர் தோப்புல மாமரத்துக்கு மருந்தடிச்சே வயசானவன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஓசூர்ல கடிகாரம் செய்யறான், பைக் செய்யறான், லாரி செய்யறான். மூஞ்சி மட்டும் பெங்களூர்லதான் செய்யறான் போல.

என்ன ஆசிட்டுன்னு கேட்டியா? கிளைகாலிக்கா? அது கரும்புல இருக்கறது. லாக்டிக்னா புளிச்ச மோர்ல இருக்கறது. மாண்டலிக்காம், கசப்பு பாதாம்ல இருந்து வந்ததாம். கேக்கறப்பவே பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு. "எல்லாம் இயற்கை தாத்தா"ங்கற. ஆமா கண்ணு. நம்ம பெங்களூரா மாங்காயைக் காம்பு ஒடிச்சா பீச்சியடிக்குதே பாலு, அதுவும் இயற்கைதான். சீசன்ல காய் பறிக்கற ஆளுங்க கன்னத்தைப் பாத்திருக்கியா? பட்ட எடம் மொதல்ல எரியும், அப்புறம் தோல் வெந்து உரியும், கடைசில கரும்புள்ளி குந்திக்கும். மாசக்கணக்குல எழுந்திரிக்காது. நம்ம மாநிறத் தோலோட குணம் அது. வெள்ளைக்காரன் தோல் புண்ணுபட்டா செவந்துட்டு அடங்கிடும். நம்மது மெலனினைக் கூடுதலாக் கொட்டிக் கறுத்துட்டு நிக்கும். காசு குடுத்துப் போட்ட ஆசிட்டும் கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா இதே கதைதான்.

வைத்தியம் பொய்யின்னு சொல்ல வரலை. மேல்தோல்ல செத்த செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கறதை ஆசிட்டு பிரிச்சு விடுது, சில நாள்ல உதிருது, அடியில இருக்கற புதுத்தோல் மேல வருது. பருவு விட்டுப்போன கறுப்பு, கன்னத்து மங்கு எல்லாம் குறையும். ஜெர்மனியில ஹாம்பர்க்ல உன்னான்னு ஒரு டாக்டர் 1882-லயே சாலிசிலிக், டிரைகுளோரோஅசிட்டிக், ஃபீனால் வச்சுத் தோல் உரிக்கறதைப் பத்தி எழுதி வச்சுட்டார். ஃபீனால் ஆழமா எறங்கறது. ரத்தத்துல கலந்து நெஞ்சுத் துடிப்பையே தாறுமாறாக்கும். ஆழமா உரிக்கற வேலை இந்தியத் தோலுக்கு வேண்டாம்னு நம்ம நாட்டுத் தோல் டாக்டருங்க சங்கத்து வழிகாட்டி 2008-லயே சொல்லிடுச்சு.

ஏன் முழிக்கற? கால் படைக்காக கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.யில உக்காந்திருந்தேன். டாக்டரம்மா பக்கத்துப் பொண்ணுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன். கண்ணு மங்கிடுச்சு, காது இன்னும் நல்லாத்தான் இருக்கு.

மூஞ்சியைத் துடைச்சு எண்ணெய்ப் பசை எடுக்கணுமாம். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வாசலின் தடவணுமாம். அப்புறம் பிரஷ்ஷால ஆசிட்டைப் பூசிட்டுக் கடிகாரத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நிக்கணுமாம். கிளைகாலிக்னா நேரம் ஆனதும் சோடா உப்புத் தண்ணி ஊத்தி அடக்கணும், இல்லேன்னா அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே கெடக்கும். எங்கயாச்சும் வெள்ளையாப் பூத்தா நேரத்துக்குக் காத்திருக்காம அப்பவே அடக்கணும். நம்ம ஓசூர் டைட்டன் கடிகாரத்துக்கு அங்கதான் நெசமான வேலை. பார்லர் பொண்ணுக்கு அந்த நேரம் பாத்து போன் வந்துச்சுன்னா? ஆன்லைன்ல பாட்டில் வாங்கி நீயே பூசிக்கறேன்னா கேக்கவே வேணாம். கடிகாரம் பாக்கறதும் நீ, எரிச்சல்ல கத்தறதும் நீ.

இன்னொண்ணு. பூசறதுக்கு 2 வாரத்துல இருந்து 4 வாரம் முன்னாடியே சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதற களிம்பும் போட்டுத் தோலைப் பழக்கணும். அதுக்கே உன் நிச்சயதார்த்தம் வந்துடும். ஒரு தடவைல தீர்ற வேலையும் இல்லை, சில வாரம் விட்டுவிட்டுப் பல தடவை போகணும். அவசரப்பட்டுப் போனீன்னா பொரிஞ்ச மூஞ்சியோட மணையில உக்காருவ, போட்டோக்காரன் பாவம். வெயில் வேற ஆகாது. பஸ் ஸ்டாப்புல நிக்கற அரைமணி நேரத்தை யாரு, சூரியனா உனக்காக ஒத்திப்போடும்?

அப்புறம், தலைமாட்டுல ஒளிச்சு வச்சிருக்கியே ஒரு ட்யூபு, செவப்பாக்கற க்ரீமு, அதை டாக்டர்கிட்ட காட்டு. ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா தோலை மெலிசாக்கி வச்சிருக்கும், அதுமேல ஆசிட்டு பட்டா வெந்துடும். அதையெல்லாம் டாக்டர் சீட்டில்லாம விக்கக்கூடாதுன்னு 2018-ல சர்க்காரே சொல்லிடுச்சு. பருவுக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், உதட்டுல அக்கி வந்திருந்தாலும் மறைக்காம சொல்லு.

யாருக்காக இவ்வளவு பாடு? மாமியாக்காரி "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி"ன்னாளாமே. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல பேரை மாத்திக்கிச்சு. ஃபேர்னு சொல்லக் கம்பெனிக்கே கூச்சம் வந்துடுச்சு, அந்தம்மாவுக்கு இன்னும் வரலை. பருவுக் கறுப்பு உனக்கே உறுத்துதுன்னா சொல்லு. செவ்வாக்கெழமை நான் கால் படைக்கு ஆஸ்பத்திரி போறேன், கூட வா. ஓ.பி. சீட்டு வாங்க நீ வரிசைல நில்லு, நான் பெஞ்சுல எடம் புடிச்சு வைக்கறேன்.

மாப்பிள்ளை போட்டோவையும் பையில போட்டுக்கோ. அவன் கன்னத்துல பருவு நோண்டி நோண்டிக் குழியே விழுந்திருக்கு. மேலோட்டமா உரிக்கறதுல குழி தூராதாம், அதுக்கு வைத்தியமே வேறயாம். என்ன செலவாகும்னு டாக்டரம்மாவைக் கேட்டுக்கிட்டு வந்து, அந்தச் சீட்டை மாமியாக்காரி கையில நானே குடுக்கறேன்.