மறைக்கிறதுன்னா ஒழுங்கா மறை, தாயி

மண்டையில பட்ட அடியை மறைச்சுப் பொய் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டே. நல்லது, தாயி. தாத்தன் குறுக்க நிக்கமாட்டேன். ஊருல பொய் சொல்லாத ஆளு யாரு இருக்கா? ஆனா அரைகுறைப் பொய்யி ஆளைக் காட்டிக்குடுத்திரும். காலமெல்லாம் சர்க்கார் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன் நான். நோயாளிக சொன்ன பொய்யெல்லாம் கேட்டுக் கேட்டே காது பழுத்துப்போச்சு. அந்த அனுபவத்துல சொல்லுதேன், கேட்டுக்கோ.

அமெரிக்காவுல காலேஜ் டீமுல சேந்ததும் கம்ப்யூட்டர் முன்னால உக்காரவச்சு ஒரு பரீச்சை வைக்காங்களாமே. நாலு சொல்லைக் காட்டி ஞாபகம் வச்சுக்கோங்கான், படத்தைப் பாத்ததும் பொத்தானை அமுக்குங்கான். அடிபடாத மூளைக்கு அது ஒரு அளவு. பின்னால பந்துல முட்டி மண்டை கலங்கிச்சுன்னா மறுபடி அதே பரீச்சையை வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க. கெட்டிக்காரப் பிள்ளைக என்ன பண்ணுது? முதப் பரீச்சையிலயே வேணும்னு மட்டமாப் போட்டு வச்சிருது. நாளைக்கு மூளை மந்தமானாலும், ‘அட, இது எப்பவும் இப்படித்தானே’ன்னு விட்டிருவாங்கல்ல. உங்கப்பன் பேங்குல கடன் வாங்கிக் கட்டுற படிப்பு. நான் மக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திரு. எங்க காலத்துல அந்தப் பட்டத்தை வாத்தியாரு இலவசமாவே குடுத்தாரு.

அடுத்தது, அடிபட்டா மூச்சு விடாதே. தலை சுத்துனா ஷூ கயிறைக் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கோ. இதுல நீ தனி ஆளு இல்ல. விஸ்கான்சின் மாநிலத்துல ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் பையங்ககிட்ட விசாரிச்சு 2004-ல எழுதியிருக்காங்க. கன்கஷன், அதான் மூளை கலங்குற அடி, பட்டவங்கள்ல வெளிய சொன்னவன் 47 சதவீதம்தான். மத்தவனெல்லாம் முழுங்கிட்டான். ஏன்டா சொல்லலைன்னு கேட்டா, பெரும்பாலானவன் ‘அது அப்படியொண்ணும் பெரிய அடி இல்லையே’ங்கான். அடிபட்ட மூளைகிட்டயே ‘ஏ மூளை, உனக்கு அடி பெருசா?’ன்னு கேட்டுத் தீர்ப்பு வாங்கியிருக்கான் பாத்துக்கோ.

இதுவரைக்கும் உன் கட்சி ஜெயிச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கு. நடுவுல ரத்தம் வந்து கெடுக்குது.

காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ.வும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் 2014-ல மூணு கோடி டாலரைப் போட்டு ‘கேர்’னு ஒரு ஆராய்ச்சியை ஆரம்பிச்சாங்க. சீசனுக்கு முன்னால ரத்தம், அடிபட்ட கையோட ரத்தம், பிறகு மறுபடி ரத்தம். அதுல இருந்து 2020-ல வந்த ஒரு கட்டுரையில 504 காலேஜ் ஆட்டக்காரங்க. அதுல 264 பேரு மண்டையில அடி வாங்குனவங்க. மூளையில நரம்புக்கு முட்டுக்குடுக்குற செல்லுக்குள்ள ஜி.எஃப்.ஏ.பி.ன்னு ஒரு புரதம் இருக்கு. நரம்புக்குள்ள யு.சி.எச்.எல்.1-ன்னு இன்னொண்ணு. மண்டை குலுங்குனா ரெண்டும் கசிஞ்சு ரத்தத்துக்கு வருது. அடிபட்டவங்க கூட்டத்துல அளவு ஏறித்தான் இருந்துச்சு. ஆனா ஆளுக்கு ஆளு ஏத்த இறக்கம். ஒருத்தி கையில ஊசி போட்டு, ‘உனக்குப் பட்டிருக்கு, உக்காரு’ன்னு அடிச்சுச் சொல்லுற அளவுக்கு இல்ல. எஸ்-100பின்னு பழைய புரதம் ஒண்ணு உண்டு. அது கொழுப்புலயும் இருக்கிறதால, சும்மா மூச்சு வாங்க ஓடுனாலே ஏறிரும். அதை நம்புனா டீமு மொத்தத்தையும் கட்டில்ல போட வேண்டியதுதான்.

அதனால பயப்படாதே. தப்பிக்க வழி இருக்கு. யு.சி.எச்.எல்.1 எட்டு மணி நேரத்துல உச்சிக்கு வந்து இறங்கிரும். ஜி.எஃப்.ஏ.பி. இருபது மணி வாக்குல உச்சிக்கு வந்து, பிறகு மெதுவா இறங்கும். நியூரோஃபிலமென்ட்டுன்னு சோம்பேறி ஒண்ணு நாள் கழிச்சு ஏறி வாரக்கணக்குல தங்கும். அதுவும் ஒரு நாள் போயிரும். மேக்காட்டுல மழை பெஞ்சா நம்ம ஓடை கலங்குதுல்ல, நாலு நாள்ல தெளிஞ்சிருதுல்ல? தெளிஞ்ச தண்ணியை மொண்டு வச்சுக்கிட்டு, போன ஐப்பசியில எத்தனை மழைன்னு எவனால சொல்ல முடியும்? நீ எட்டாங் கிளாஸ்ல வாங்குன அடியை இன்னைக்கு எடுக்கிற ரத்தம் சொல்லாது.

அப்ப பழைய அடியோட கணக்கு எங்க இருக்கு? உன் வாயில இருக்கு. இங்கதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. மைனஸ் எண்பது டிகிரியில ரத்தத்தைப் பத்திரப்படுத்துறான். அணு அணுவா அளக்கிற மிசினைக் கொண்டாந்து வைக்கான். எல்லாத்தையும் பண்ணிட்டு, ‘இதுக்கு முன்னால எத்தனை தடவைம்மா அடிபட்டுச்சு?’ன்னு உன்கிட்ட ஒரு காயிதத்தை நீட்டுதான். நீ அடுத்த மேட்ச்சை நினைச்சுக்கிட்டு ஒரு நம்பரைப் போடுதே. அந்த நம்பரை இந்த ரத்தத்தோட ஒப்பிட்டு, பழைய அடிக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு பெரிய பெரிய டாக்டருங்க மண்டையை உடைக்காங்க. அவங்களுக்கு யாரு ரத்தம் எடுக்கிறதோ.

இன்னும் ஒரு சங்கதி, கோச்சு கேட்டுட்டு வந்து சொல்லுவாரு. மண்டையடிக்கு ரத்தப் பரிசோதனை வந்தாச்சே, கால் மணி நேரத்துல முடிவு தெரியுமேன்னு. வந்திருக்குதான். 2018-ல அமெரிக்க அரசு ஒண்ணுக்கு அனுமதி குடுத்துச்சு. 2024-ல, பக்கத்துலயே வச்சுப் பாக்கிற சின்ன மிசினுக்கும் குடுத்துச்சு. அது சொல்லுறது ஒண்ணே ஒண்ணு: சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா, வேண்டாமா. மூளைக்குள்ள ரத்தக்கசிவு இருக்க வாய்ப்பிருக்கான்னு. கன்கஷன் பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஸ்கேனும் சுத்தமாத்தான் இருக்கும். ‘ரிசல்ட் நெகட்டிவ், ஓடு களத்துக்கு’ன்னு அவரு சொன்னா, நீ முதல்ல அவரு ரத்தத்தை எடுத்துப் பாக்கச் சொல்லு.

மறைக்கிறதுக்கு ரொம்ப ருசியான காலம் எதுன்னு கேளு. அடிபட்டு முதப் பத்து நாளு. 2003-ல காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரங்க 2,905 பேரை வச்சு எழுதுன கணக்குல, ஒரே சீசன்ல ரெண்டாந்தடவை அடிபட்டவங்க 12 பேரு. அதுல 11 பேரு முதல் அடி விழுந்து பத்து நாளுக்குள்ளயே ரெண்டாவதை வாங்கியிருக்காங்க. முன்னமே மூணு தடவையோ அதுக்கு மேலயோ பட்டவனுக்கு, படாதவனைவிட மூணு மடங்கு சுலபமா மறுபடி படுதாம். அந்த மூணையும் அவனவன் வாயாலதான் சொல்லியிருக்கான். சொல்லாதவனைச் சேத்தா கணக்கு எங்க போய் நிக்குமோ.

பொம்பளப் பிள்ளைக பந்தாட்டத்துல ஆம்பளைகளைவிட மண்டையடி அதிகம்னு வேற சொல்லுதாங்க. நீயோ டிஃபென்ஸ்ல நிக்கே, வர்ற பந்தையெல்லாம் நெத்தியாலதான் வரவேற்கே.

சரி, அந்தக் காயிதத்தைக் கொண்டா. ஒண்ணுன்னு போட்டிருக்கே. பேனாவை எடு. உன் தம்பிகிட்ட ஒரு பரோட்டா பார்சலுக்கு விசாரிச்சுட்டேன், அவன் மூணுங்கான். இன்னொரு பார்சல் வாங்கித் தந்தா இன்னும் ஏதோ ஞாபகம் வரும்போல இருக்கு அவனுக்கு.