ஐந்தாவது செட்: ஏற்காட்டு அடிவாரத்தில் தம்பதியர் சிறுசெலவு குறித்த ஓர் ஆய்வு

ஊட்டிக்குப் போகக் கையில் காசில்லாதவர்கள் ஏற்காட்டுக்குப் போகிறார்கள். அதனால்தான் ஏற்காட்டுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பெயர். சரி, ஏற்காட்டுக்குப் போகவும் காசில்லாதவர்கள் எங்கே போகிறார்கள்? இந்தக் கேள்வியை எழுப்பும் பொறுப்பு எப்படியோ இந்தக் கட்டுரையாளன் தலையில் விழுந்தது. விடை: அடிவாரம். சேலத்திலிருந்து வண்டியை எடுத்து, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்று, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவது. மறுநாள் பக்கத்து வீட்டில் “நேத்து ஏற்காடு பக்கம் போயிருந்தோம்” என்று சொல்வது. இந்த ‘பக்கம்’ என்ற சொல்லில் இருக்கும் நேர்மை கவனிக்கத்தக்கது.

முதலில் இயற்பியல். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, மேலே போனால் கிட்டத்தட்ட 8 டிகிரி லாபம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு 0.4 டிகிரி. அடிவாரத்தில் கடந்த வளைவுகள் பூஜ்யம், ஆகவே கிடைக்கும் குளிர்ச்சியும் பூஜ்யம். ஆனால் களத்தில் நடப்பது வேறு. வண்டியிலிருந்து இறங்கியதும் மனைவி, “ஏங்க, காத்து ஜில்லுனு இருக்குல்ல?” என்கிறார். மே மாத வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிய நிலையில் கணவர், “ஆமா” என்கிறார். பொருளியலார் இந்த ‘ஆமா’வை மானியம் என்று வகைப்படுத்த வேண்டும்.

அடுத்து இலக்கணம். ‘வாரம்’ என்றால் மலைச்சரிவு. நாள்களின் வாரமும் உண்டு. நிலத்தை வாரத்துக்கு விடுதல் என்னும்போது பங்கு. அடிவாரம் என்பது அடிப்பங்கு என்றும் பொருள்படும் என்ற என் துணிபை மொழியறிஞர்கள் ஏற்கமாட்டார்கள். ஏற்காமல் போகட்டும். திணைக் கணக்குப்படி மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். காடு முல்லை, அங்கே இருத்தல்; அதாவது காத்திருத்தல். அடிவாரம் இரண்டும் கலந்த திணைமயக்கம். இங்கே தலைவி காத்திருப்பது போருக்குப் போன தலைவனுக்காக அல்ல, ஒன்றாம் தேதிக்காக. தலைவனும் பக்கத்திலேயே நின்று அதற்காகத்தான் காத்திருக்கிறான். ஊடல் மருதத்துக்கு உரியது. அது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிந்துவிடுகிறது.

வரவு செலவைப் பற்றி வள்ளுவர் பேசும் இடம் பலருக்கு நினைவிருக்காது. இல்வாழ்க்கை அதிகாரத்தில் அல்ல. ‘வலியறிதல்’ என்ற 48ஆம் அதிகாரத்தில், பகைவன் பலத்தையும் தன் பலத்தையும் அரசன் எடைபோடும் இடத்தில். மாதக் கடைசியில் பால் கணக்கு, கேஸ், குழந்தையின் வேன் பணம் மூன்றும் ஒருசேர வந்து நிற்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அதிகார வைப்பு முறைக்கு உரை தேவையில்லை.

ஒரே பணத்தை மனிதர்கள் மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைக்கிறார்கள் என்று 1985இல் எழுதினார் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் அதே கொள்கையைக் கடுகு டப்பா, மிளகு டப்பா, அரிசி டிரம், மடித்த பட்டுப்புடவை ஆகியவற்றில் செய்முறையாகவே நடத்திவந்தார்கள். பெயரும் இருந்தது: சிறுவாடு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, கறுப்புப் பணத்துக்கு முன்னால் வெளியே வந்தது கடுகு வாசனை அடித்த இந்தப் பணம்தான். பல கணவர்கள் அன்றுதான் தங்கள் வீட்டின் உண்மையான நிதிநிலை அறிக்கையைக் கண்டார்கள். என் பார்வையில், அந்த அறிவிப்பின் ஈடுசெய்ய முடியாத இழப்பு இந்த ரகசியம்தான்.

ஆண்களின் சிறுவாடு பெட்ரோலில் இருக்கிறது. வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும். வீட்டில் சொல்லும் கணக்கில் 40. இடையில் காணாமல் போகும் 10 கிலோமீட்டர் மாலை நேரங்களில் போண்டாவாக உருமாறுகிறது. மனைவிக்கு வண்டியின் மைலேஜ் துல்லியமாகத் தெரியும். கேட்பதில்லை. மிளகு டப்பா அடிக்கடி இடம் மாறுவதைக் கணவரும் பார்த்திருக்கிறார். அவரும் கேட்பதில்லை.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். தட்டுவடை செட் என்பது சேலத்தின் கண்டுபிடிப்பு: இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. நான் உட்கார்ந்து கவனித்த கடையில் ஒரு தட்டுக்கு 5 செட். தம்பதியர் வாங்குவது ஒரு தட்டு. ஆளுக்கு இரண்டு. மிச்சம் ஒன்று. தட்டின் நடுவில் கிடக்கும் அந்த ஐந்தாவது செட்டை வைத்துக்கொண்டு இருவரும் மலையைப் பார்க்கிறார்கள். “நீங்க சாப்பிடுங்க, எனக்குக் காரம் ஒத்துக்கல.” “எனக்குப் போதும். மத்தியானச் சாப்பாடே இன்னும் இறங்கல.” இரண்டும் பொய். சட்னி ஊறிக்கொண்டே இருக்கிறது. தட்டுவடையின் மொறுமொறுப்புக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால், தியாகம் நீள நீளப் பண்டத்தின் மதிப்பு சரிகிறது. கடைசியில் நமத்துப்போனதை இரண்டாகப் பிய்க்கிறார்கள். பெரிய பாதி யாருக்குப் போகிறது என்று பார்க்க முயன்றேன். மனைவியின் கை மறைத்துவிட்டது.

இரண்டு தட்டு வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். வாங்கலாமா என்று பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் பள்ளிக் கட்டணம் வந்துவிடும். சரி, கடைக்காரர் ஏன் நாலோ ஆறோ வைப்பதில்லை? கேட்டேன். “நாலு வெச்சா தட்டு காலியாத் தெரியும் சார். ஆறு வெச்சா எனக்குக் கட்டுபடியாகாது” என்றார். அவர் வீட்டிலும் ஒரு பட்ஜெட் இருக்கிறது.

குறிப்பேட்டில் சட்னிக் கறையோடு வீட்டுக்கு வந்து, இந்த முடிவுகளை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏங்க, நீங்க எத்தனை நாள் போனீங்க?”

“நாலு ஞாயித்துக்கிழமை.”

“தனியாவா?”

“ஆராய்ச்சிதானே.”

“அப்ப உங்க தட்டுல இருந்த அஞ்சாவது செட்டை யாரு சாப்பிட்டா?”

ஆய்வு முறையில் இருந்த இந்த ஓட்டையை என்னால் அடைக்க முடியவில்லை. மறுபரிசோதனைக்கு வரும் ஞாயிறு அவரும் வருகிறார். செலவு மிளகு டப்பாக் கணக்கில். பெட்ரோல் என் கணக்கில். ஊற்றி வைத்திருப்பது அடிவாரம் வரைக்கும்தான்.