அரியரியல்: குடமுருட்டிக் கரையிலிருந்து ஒரு முன்னாய்வு

பொறியியல் பட்டப்படிப்பைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் பாஸான தாள்களையே சுற்றி வருகின்றன. பாஸான தாளில் ஆராய என்ன இருக்கிறது? ஒருமுறை எழுதுகிறார்கள், ஒருமுறை திருத்துகிறார்கள், ரிசல்ட் வந்த மறுநாள் எழுதியவனுக்கே பாடத்தின் பெயர் மறந்துவிடுகிறது. பிறப்பு, வளர்ச்சி, நீண்ட ஆயுள், மறுபிறப்பு என்று உயிருக்குரிய குணங்கள் அத்தனையும் அமைந்தது, தேறாமல் நிலுவையில் நிற்கும் தாளாகிய அரியர் ஒன்றுதான். அதற்கு முறையான ஓர் ஆய்வு இல்லாதது தமிழுலகத்துக்கு இழுக்கு. அந்த இழுக்கைத் துடைக்கவே இவ்வாய்வாளன் பேனாவை எடுத்தான்.

ஆய்வு எல்லை பாபநாசம். 2015இல் கமல்ஹாசன் படத்துக்குப் பெயர் கொடுத்த பாபநாசம் அல்ல. அது தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அங்குள்ள அரியர்களை அந்தப் பக்கத்து அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம்முடையது தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பாதையில், குடமுருட்டிக் கரையில் இருப்பது. காலையில் மெயின் ரோட்டில் நின்றால் கிழக்கே கும்பகோணம் பக்கமும் மேற்கே தஞ்சாவூர், வல்லம், திருமலைசமுத்திரம் பக்கமும் போகிற கல்லூரி பஸ்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். இரு திசை அரியர்களும் ஒரே டீக்கடை பெஞ்சில் சங்கமிப்பதைப் பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

எத்தனை பேரிடம் விசாரித்தாய் என்று நெறியாளர்கள் கேட்பார்கள். சொல்ல இயலாது. ஊர் சிறியது, எண்ணிக்கையைச் சொன்னால் யார் யார் என்று பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதிப்பேருக்கு வீட்டில் இன்னும் தெரியாது.

இனி வரலாறு. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே முதல் அரியரை வைத்த பெருமகன் யார் என்பதற்குக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஆவணச் சான்றோடு நமக்குக் கிடைக்கும் காவிரி டெல்டாவின் தொல் அரியர் சீனிவாச இராமானுஜனுடையது. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இங்கிலீஷில் போனது, கூடவே உதவித்தொகையும் போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வு 1906இலும் போனது, 1907இலும் போனது. ஒரே பேப்பரில் இரண்டாம் தடவை உட்கார்ந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

அவர் கையில் இருந்த புத்தகம் எது என்பதில்தான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இருக்கிறது. ஜி.எஸ். கார் எழுதிய ‘சினாப்சிஸ்’. இந்தக் கார், லண்டனில் பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயார் செய்துவந்த டியூஷன் வாத்தியார். புத்தகத்தில் ஏறக்குறைய 5000 முடிவுகள் வரிசையாக அடுக்கியிருக்கும்; நிரூபணம் பேருக்கு எட்டிப்பார்க்கும். இப்படிப்பட்ட நூலுக்கு நம் கல்லூரிகளில் என்ன பெயர்? லோக்கல் ஆதர். உலகக் கணிதத்தையே ஆட்டிவைத்த மூளை ஒரு லோக்கல் ஆதர் புத்தகத்தில்தான் பால்குடி மறந்திருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ ஜெராக்ஸ் வாங்க வரிசையில் நிற்கும் பையனை முறைக்கிற பேராசிரியப் பெருமக்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இராமானுஜன் என்ஜினியரிங் படிக்கவில்லையே என்று ஒரு மறுப்பு எழும். எழட்டும். 1912இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அங்கே தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் என்ஜினியர். இராமானுஜனின் கணக்குகளைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதிய கிரிஃபித், சென்னைப் பொறியியல் கல்லூரியில் சிவில் பேராசிரியர். ஆக, அரியர் வைத்தவனுக்குக் கைகொடுத்தது என்ஜினியரிங் இனமே. இந்த மரபு எந்த ஆண்டில் அறுந்துபோனது என்பது வேறொரு ஆய்வுக்குரியது. 1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சியைப் பார்த்துக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. கும்பகோணத்தில் விழுந்ததைக் கேம்பிரிட்ஜில் கிளியர் செய்திருக்கிறார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டபோது ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் அதைத்தான் முதலில் கேட்கின்றன.

வாசகர் அந்த 17 என்ற எண்ணை முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரியரியலின் மூல விதி அதில் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம் (இங்கும் 17 தலைகாட்டுவது காண்க). மொத்தம் 100 மதிப்பெண். இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, கடைசியில் 15 மார்க்கில் ஒன்று. பாடத்துக்கு ஐந்து யூனிட். 13 மார்க் கேள்வியில் (அ) அல்லது (ஆ) என்று சாய்ஸ் கொடுத்துத் தாராளம் காட்டியிருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். படிக்காத யூனிட்டிலிருந்து தப்பிக்க வழி கிடையாது. ஆகவே ஒரு யூனிட்டைக் கைவிட்டால் இரண்டு மார்க் இரண்டும் ஒரு பதின்மூன்றும் போகும். கூட்டிப் பார்த்தால் 17.

பாஸாக எழுத்துத் தேர்வில் 45 வேண்டும். இரண்டு யூனிட்டை விட்டவனுக்கு 34 போய் 66 மிச்சம். அவன் சினிமாவுக்குப் போகலாம். மூன்றை விட்டவனுக்கு 51 போய் 49 மிச்சம். அதுவும் அந்த 15 மார்க் கேள்வி அவன் படித்த யூனிட்டில் வந்து, படித்தது அத்தனையும் நினைவுக்கு வந்து, திருத்துகிறவருக்கு அன்று வீட்டில் சண்டை இல்லாமல் இருந்தால். அரியர் என்பது மூன்றாவது யூனிட்டில் பிறக்கிறது. இதைத் தேற்றமாகவே அறிவிக்கிறேன்.

இப்போது இதே எண் அவனுடைய தகப்பனாரின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மழை வருஷங்களில் தளர்வு கேட்டுத் தில்லிக்குக் கடிதம் போகும். மத்தியக் குழு வந்து கேமரா முன்னால் நெல்லை அள்ளிப் பார்க்கும். மகன் 17ஐ இழந்து தவிக்கிறான், அப்பா 17க்குள் அடங்காமல் தவிக்கிறார்.

நவம்பர் டிசம்பரில் எழுதிய செமஸ்டருக்கு ரிசல்ட் வருவதும் சம்பா அறுத்த நெல் களத்துக்கு வருவதும் அநேகமாக ஒரே பருவத்தில் நடக்கும். இவ்வாய்வாளன் நேரில் கண்ட ஒரு நிகழ்வைப் பதிவு செய்யலாம். கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல். ஈரப்பதமானி 19 காட்டுகிறது. பையன் பக்கத்தில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பல்கலைக்கழக இணையதளம் திறந்தால்தானே. ஒருவழியாகத் திறந்தது. முகம் போன போக்கைப் பார்த்து அப்பா கேட்டார்.

“என்னடா, போச்சா?”

“எம்-ஒன் கணக்கு மட்டும்தாம்ப்பா.”

“போன தடவையும் அதானே போச்சு?”

“அதேதாம்ப்பா. புதுசா எதுவும் இல்ல.”

அவர் குவியலை ஒரு தடவை பார்த்தார், மகனை ஒரு தடவை பார்த்தார். “ரெண்டு வெயில் காஞ்சா சரியாப் போயிரும்” என்றார். எதைச் சொன்னார் என்று கேட்டுத் தெளிவு பெறுவது ஆய்வு நெறிக்கு உட்பட்டதே. அந்த நேரத்தில் கேட்கிற தைரியம்தான் வரவில்லை.

பருவகாலத் தொடர்பை மேலும் வலியுறுத்தலாம். மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவைக்கு விதை, உழவு, நடவு ஆள் கூலி. அதே பருவத்தில் கல்லூரிக் கட்டணம், பஸ் கட்டணம். ஆற்றில் தண்ணீர் வருகிற பருவத்தில் வீட்டில் பணம் வடிந்துவிடுகிறது. போகட்டும், இது பொருளாதாரம். நம் துறை அல்ல.

கட்டடக்கலைச் சான்று ஒன்றும் ஊரிலேயே இருக்கிறது. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது. செங்கல் கட்டுமானம், வட்டமான அடிப்பாகம், மேலே கூம்பு, 36 அடி உயரம், 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதாவது உருளையின் மேல் கூம்பு. முதலாமாண்டு என்ஜினியரிங் கிராஃபிக்ஸில் ‘டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்’ என்று வருகிற கணக்கு அச்சாக இதுதான். நாலு வயதிலிருந்து அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளை, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று கைமாறி வந்த மினி டிராஃப்டரை ஷீட்டில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அதே கூம்பை விரித்து வரைய முடியாமல் வெளியே வருகிறான். கட்டியவர்கள் டிராஃப்டர் இல்லாமல் கட்டினார்கள். இதிலிருந்து டிராஃப்டர்தான் காரணம் என்ற முடிவுக்கு வரலாமா என்றால், பையன்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள்.

அடுத்தது சமயச் சான்று. இதை நான் இவ்வாய்வின் சிகரமாகக் கருதுகிறேன். இவ்வூர் இராமலிங்க சுவாமி கோயிலை 108 சிவாலயம் என்று சொல்வது வழக்கம். தலபுராணப்படி, கர தூஷணர்களைக் கொன்ற தோஷம் நீங்க இராமர் இங்கே பூசை செய்ய விரும்பி, காசியிலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாயிற்று. இதற்குள் சீதை மணலில் பிடித்த லிங்கங்களை வைத்துப் பூசை முடிந்துவிட்டது, 107. மூச்சிரைக்கக் காசியிலிருந்து வந்தவருக்குக் கோபம். இருந்த லிங்கத்தை வாலால் சுற்றிப் பெயர்க்கப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு இராமர் சமாதானம் சொன்னார்: 107ஐ வணங்குகிறவர்கள் அனுமன் கொண்டுவந்த 108ஆவதையும் வணங்கினால்தான் வழிபாடு நிறைவுபெறும்.

இதில் தேர்வுத் துறைக்குரிய கூறுகள் அனைத்தும் இருப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் வராத ஒன்று. முடிந்துபோன முடிவை மாற்றச் சொல்லி ஆத்திரம். இன்று அதற்கு ரீவேல்யுவேஷன் என்று பெயர், பணம் கட்ட வேண்டும், பெரும்பாலும் வால்தான் வலிக்கும். கடைசியில் அந்த ஒன்று கிளியர் ஆகாமல் மற்ற 107க்கும் பட்டமில்லை. மகனின் ஹால் டிக்கெட்டை அர்ச்சனைத் தட்டில் வைத்து நீட்டுகிற தாய்மார்கள் இந்த ஒப்புமையை எந்த நெறியாளரின் துணையும் இல்லாமல் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

ஊர்ப் பெயரிலேயே பாவம் நாசமாகிவிடுகிறது. அரியர் நாசமாக ஒரு முறை அரசு அறிவிப்பே வந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், இறுதிப் பருவம் தவிர மற்ற அரியர்களுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நன்றி தெரிவித்துச் சுவரொட்டிகள் முளைத்தன. அந்த ஒரு வாரத்தில் ஊரில் நிலவிய மகிழ்ச்சியை இவ்வாய்வாளன் தீபாவளிக்கும் கண்டதில்லை. துயரமும் இருந்தது: ஒழுங்காகப் படித்துச் சென்ற முறையே பாஸானவர்களின் துயரம். தவிர, கட்டணம் கட்டவென்று சொல்லி வீட்டில் வாங்கிய பணத்தை வேறு வழியில் செலவழித்துவிட்டவர்களின் துயரம். அது சொல்லில் அடங்காது. பிறகு தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புக்கொள்ளவில்லை, வழக்குப் போட்டார்கள், 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தேர்வு இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்றது. அழிந்த அரியர் உயிர்த்தெழுந்ததற்கு வரலாற்றில் இது ஒன்றே சான்று.

ஆயுளைப் பற்றியும் ஒரு சொல். நாலு வருடப் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் ஏழு வருடம் வரை பொறுக்கும். அதற்கப்புறமும் அவ்வப்போது மனமிரங்கும். 2001-02இல் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு பழைய மாணவர்கள் அரியரை எழுதிக்கொள்ள 2021இல் சிறப்பு வாய்ப்பு கொடுத்தார்கள். இருபது வருட அரியர்! இதைக் கேட்டுப் பல வீடுகளில் பரணிலிருந்து ட்ரங்கு பெட்டி இறங்கியது. பாபநாசம் ஸ்டேஷனில் கும்பகோணம் வண்டிக்கு நின்ற ஒருவரைப் பார்த்தேன். காதோரம் நரை, நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மடித்த ஹால் டிக்கெட், கையில் மகளுடைய ஜியோமெட்ரி பாக்ஸ். அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டில் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்று இருந்தது. எந்த பேப்பர் என்று கேட்டேன்.

“எம்-த்ரீ சார். ஃபோரியர் சீரிஸ்.”

“படிச்சாச்சா?”

“மூணு யூனிட் பார்த்திருக்கேன். ரெண்ட விட்டுட்டேன்.”

66. போதும் என்று வாழ்த்தி அனுப்பினேன்.

இக்கட்டுரையில் இன்டர்னல் மார்க்கைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கூர்த்த வாசகர் கேட்கக் கூடும். முன்பு 20 ஆக இருந்தது, 2021 ரெகுலேஷனில் 40 ஆகியிருக்கிறது. பொருள் இரட்டிப்புக் கனமானது. தகவல்கள் கையில் நிறையவே இருக்கின்றன. தகவல் தந்தவர்கள் இன்னும் மூன்றாமாண்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் டி.சி. வாங்கிய பிறகு அது தனி நூலாக வெளிவரும்.